'வயசான கோளாறு': லியர் அரசருக்கு என்னதான் ஆச்சு?

1/
வழக்கமா இங்கே சுகர், பிரஷர், கொழுப்புன்னு எழுதிட்டு இருக்கேன். இன்னைக்கு ஒரு நாடகம். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்'. இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. 1606 டிசம்பர் 26 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனையில், மன்னர் ஜேம்ஸ் முன்னால் நடிக்கப்பட்ட இந்த நாடகத்துக்குள் ஒரு கேஸ் ஷீட் இருக்கிறது. அதில் ஒரு தப்பான முடிவும் எழுதப்பட்டிருக்கிறது. அதே தப்பை இன்னைக்கும் வீட்டிலும் வார்டிலும் செய்துகொண்டிருக்கிறோம். நீளமான த்ரெட். நிதானமா படிங்க.

2/
கதை தெரியாதவங்களுக்காக. லியர், பழங்கால பிரிட்டனின் அரசர். எண்பது வயதைத் தாண்டியவர். மூன்று மகள்கள்: கோனரில், ரீகன், கார்டீலியா. ஆண்டது போதும், நாட்டை மூணாப் பிரிச்சுக் கொடுத்துட்டு பாரமில்லாம இருக்கலாம் என்று முடிவு செய்கிறார். அதோடு விட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. சபையில் எல்லார் முன்னாடியும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, என் மேல யாருக்குப் பாசம் அதிகம்னு சொல்லுங்க, அதைப் பார்த்து பங்கு தர்றேன் என்கிறார்.

3/
மூத்தவர்கள் இருவரும் வார்த்தைகளைக் கொட்டுகிறார்கள். கடைசி மகள் கார்டீலியாதான் அப்பாவின் செல்லம். அவளோ சொல்றதுக்கு ஒண்ணுமில்லை என்கிறாள். மகளுக்குள்ள கடமைப்படி நேசிக்கிறேன், கல்யாணம் ஆனா அந்த அன்பில் பாதி கணவனுக்கும் போகும், அதுதான் உண்மை என்கிறாள். லியருக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. காலணா சீதனம் இல்லாமல் அவளைத் துரத்துகிறார். தடுத்துப் பேசிய விசுவாசமான பிரபு கென்ட்டையும் நாடு கடத்துகிறார். வெறுங்கையோடு நிற்கும் கார்டீலியாவை பிரான்ஸ் அரசர் மணந்துகொள்கிறார். நாடு இரண்டு பங்காகி மூத்தவர்கள் கைக்குப் போகிறது.

4/
லியர் தனக்கென்று வைத்துக்கொண்டது இரண்டே இரண்டு. அரசர் என்ற பேரும், 100 வீரர்களும். தங்குவது ஒரு மாசம் மூத்தவள் வீட்டில், அடுத்த மாசம் இளையவள் வீட்டில். இப்படி முறை வச்சு அப்பா அம்மாவைப் பார்த்துக்கறது நம்ம ஊர்லயும் தெரிஞ்ச ஏற்பாடுதான். லியர் விஷயத்தில் முதல் மாசமே முழுசாத் தாண்டவில்லை.

5/
இப்ப நான் சொல்ல வந்த இடம். முதல் காட்சியின் கடைசியில், எல்லாரும் போன பிறகு, கோனரிலும் ரீகனும் தனியா நின்று கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். அப்பா இப்பல்லாம் நிலையா இல்லை, அவ்வளவு செல்லமா வச்சிருந்தவளையே தூக்கிப் போட்டுட்டாரே என்கிறாள் மூத்தவள். எல்லாம் வயசான கோளாறு என்கிற மாதிரி பேசும் ரீகன், இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறாள்: நல்லா இருந்தப்பவும் அவருக்குத் தன்னைப் பத்தித் தெரிஞ்சது கொஞ்சம்தான்.

6/
டாக்டரா மார்க் போட்டா, கவனிப்புக்கு நூத்துக்கு நூறு. ஒரு பெரியவரை அழைத்து வந்தால் நாங்கள் முதலில் கேட்பதே இதைத்தான். இந்தக் குணம் புதுசா வந்ததா, எப்பவும் உள்ளதா? எவ்வளவு மாறியிருக்கு? ரெண்டுக்கும் இந்தப் பெண்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கவனிப்பை வைத்து அவர்கள் போகும் அடுத்த படி, 'அப்பாவுக்கு என்ன ஆகுதுன்னு பார்ப்போம்' இல்லை. 'இது நம்ம தலையில விடியறதுக்குள்ள ஏதாவது செய்யணும்' என்பதுதான். விசாரணை தொடங்க வேண்டிய இடத்தில் ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

7/
அவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடறேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு நைட் டூட்டி. கால் புண்ணுக்காக சேர்ந்திருந்த ஒரு பெரியவர், எண்பதை நெருங்கின வயசு, நடுராத்திரியில வேட்டியை உருவிப் போட்டுட்டு கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்த்தார். மருமகளையே யாரு நீன்னு கேட்டுக் கத்தினார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் பேசிட்டு இருந்தாங்க"ன்னு அந்தம்மா அழுதாங்க. பதில் அந்த ஒரு வரியிலேயே இருந்தது. என் காதில் ஏறவில்லை. "வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி, தூங்க ஒரு ஊசியை எழுதிட்டுப் போயிட்டேன்.

8/
காலை ரவுண்ட்ஸ்ல சீனியர் போர்வையை விலக்கி அவர் அடிவயிற்றில் கை வைத்தார். சிறுநீர்ப்பை தொப்புள் வரைக்கும் வீங்கி நின்றது. புரோஸ்டேட் அடைப்பு. ட்யூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. வலியைச் சொல்லத் தெரியாமல் ராத்திரி முழுக்க அந்த மனுஷன் துடித்திருக்கிறார். அன்னைக்கு சாயங்காலம் தெளிவா, "தம்பி, இது எந்த ஆஸ்பத்திரி?"ன்னு கேட்டார். சீனியர் என்னைத் திட்டலை. கேஸ் ஷீட்டை என் கையில் கொடுத்து, நான் எழுதியிருந்ததை சத்தமா படிக்கச் சொன்னார். இன்னைக்கு வரைக்கும் மறக்கலை.

9/
அதுக்குப் பேரு டெலிரியம். திடீர் மனக்குழப்பம். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும். காலையில் தெளிவு, ராத்திரி குழப்பம் என்று ஏறி இறங்கும். கவனம் ஓரிடத்தில் நிற்காது. இல்லாதது கண்ணுக்குத் தெரியும். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வேறு. அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். டிமென்ஷியா இருப்பவருக்கு டெலிரியம் இன்னும் சுலபமா வரும் என்பதால் இரண்டும் அடிக்கடி கலந்து நிற்கும். முக்கியமான வித்தியாசம்: டெலிரியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் இருக்கும்.

10/
சரி, லியருக்கு எது? இந்த வாதம் ரொம்பப் பழசு. அமெரிக்க மனநல மருத்துவர் ஐசக் ரே 1847லும், இங்கிலாந்தின் ஜான் பக்னில் 1859லும் ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களை நோயாளிகளாகப் பார்த்து எழுதினார்கள். லியரின் மனம் முதல் காட்சியிலேயே கலங்க ஆரம்பித்துவிட்டது என்பது பக்னிலின் கட்சி. மேடையில் மட்டுமே வாழ்கிற ஒருத்தருக்கு ஸ்கேன் எடுக்க முடியாது. அதனால் நோய்க்குப் பேர் வைக்கும் போட்டிக்கு நான் வரலை. அவரைச் சுத்தி இருந்தவங்க என்ன செஞ்சாங்க என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

11/
ஒண்ணு கவனிங்க. தனக்கு ஏதோ ஆகிறது என்பது லியருக்கே தெரிகிறது. முதல் அங்கம் முடியும்போதே, பைத்தியம் ஆகிவிடக் கூடாது என்று தெய்வத்திடம் வேண்டுகிறார். பிறகு நெஞ்சை நோக்கி ஏதோ பொங்கி ஏறுகிறது என்று உடம்பின் கஷ்டத்தையும் சொல்கிறார். 'அவருக்கு என்ன புரியப் போகுது' என்று நாம் நினைக்கிற நேரத்தில் அவருக்குப் புரிகிறது. மறதியின் ஆரம்பத்தில் இருக்கிற பலர் இந்தப் பயத்தோடுதான் உள்ளே வருவார்கள். எரிச்சலும் கோபமும் பாதி நேரம் அந்தப் பயத்தின் வெளிவேஷம். பக்கத்தில் இருக்கிற கோமாளியிடம்தான் அவர் இதைச் சொல்கிறார். பெற்ற பிள்ளைகளிடம் சொல்ல முடியலை.

12/
இப்ப கோனரில் பக்கம். அவள் புகாரில் நியாயமே இல்லையா? இருக்கு. வீட்டில் 100 ஆட்கள் சாப்பாடு, சத்தம், சண்டை. அவளுடைய பணியாளையே அப்பா அடிக்கிறார். நினைச்ச நேரத்துக்கு சாப்பாடு கேட்கிறார். அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு அதிகாரம் பண்ணுகிறார். வயதானவரைப் பார்த்துக்கொள்பவர்களின் களைப்பு உண்மையான களைப்பு. அதைச் சொல்பவர்களை உடனே கெட்ட பிள்ளைகள்னு முத்திரை குத்தாதீங்க. என் ஓபியில் பாதி பேருக்கு மருந்து பெரியவருக்கு வேணும், ஓய்வு கூட வந்தவருக்கு வேணும்.

13/
ஆனால் அந்தக் களைப்பை அவள் எப்படிக் கையாள்கிறாள்? வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, அவரிடம் அலட்சியமா நடந்துக்கோங்க, சண்டை வரட்டும் என்று சொல்லி வைக்கிறாள். அப்பா கத்த வேண்டும், அதைக் காரணமாக்கி அவரை அடக்க வேண்டும். தூண்டிவிட்டுக் கத்தவைத்து, பாருங்க கத்தறார்னு காட்டுவது. இது நோயாளியைப் பார்த்துக்கொள்வது இல்லை. கேஸ் ஜோடிப்பது. கோனரில் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச அனுதாபமும் போன இடம் இதுதான்.

14/
பிறகு ஏலம் நடக்கிறது. கோனரில் பாதியைக் குறைக்கிறாள்: 50. ரீகனிடம் ஓடினால் அவள் 25 என்கிறாள். சரி, ஐம்பது இருபத்தஞ்சுக்கு இரண்டு மடங்கு, அப்ப மூத்தவளுக்குத்தான் பாசம் ரெண்டு மடங்குன்னு மறுபடி அவள் பக்கம் திரும்புகிறார் லியர். அவளோ பத்து எதுக்கு, அஞ்சு எதுக்கு என்கிறாள். ஒருத்தர்கூட எதுக்கு என்று தங்கை முடிக்கிறாள். முதல் காட்சியில் பாசத்தை அளந்து நிலம் கொடுத்தவர், இங்கே ஆள் கணக்கில் பாசத்தை அளக்கிறார். அப்பாவும் இன்னும் திருந்தலை.

15/
அதற்கு லியர் சொல்லும் பதிலின் சாரம் இது: தேவைன்னு மட்டும் கணக்குப் பார்த்தா பிச்சைக்காரரிடம்கூட தேவைக்கு மேல ஏதோ ஒண்ணு இருக்கும், அதையும் பறிச்சிட்டா மனுஷ வாழ்க்கைக்கும் மிருக வாழ்க்கைக்கும் வித்தியாசம் இல்லை. மருத்துவமாகவே இது சரி. கண்ணாடியும், காது மெஷினும், பல்செட்டும், பழக்கப்பட்ட தலையணையும் 'ஆஸ்பத்திரில எதுக்கு'ன்னு வீட்டிலேயே விட்டுட்டு வர்றோம். பெரியவரின் மனசு நிலைகொள்ள அவைதான் கைப்பிடி.

16/
பேச்சு முற்றி, புயல் ராத்திரியில் லியர் வெளியே போகிறார். கதவைச் சாத்திவிடச் சொல்கிறார்கள். இப்ப ஒரு டாக்டரா லிஸ்ட் போடுங்க. எண்பது வயசு. மழையில் நனைந்து நடுங்கும் உடம்பு. சாப்பாடு, தூக்கம், தங்க இடம் எதுவும் இல்லை. பெற்ற மகள்கள் கொடுத்த அதிர்ச்சி. டெலிரியத்தை வரவழைக்க இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

17/
வந்ததும் அதுதான். குடிசையில் பைத்தியக்கார வேஷத்தில் ஒளிந்திருக்கும் எட்கரைப் பார்த்ததும், இவனையும் மகள்கள்தான் இப்படி ஆக்கினாங்க என்கிறார். போட்டிருக்கும் உடையைக் கழற்ற ஆரம்பிக்கிறார். பிறகு ஒரு முக்காலியை மகளாக நினைத்து விசாரணை நடத்துகிறார். வீட்டு நாய்க்குட்டிகள்கூடத் தன்னைப் பார்த்துக் குரைப்பதாகச் சொல்கிறார், பேர் சொல்லி. நாலாவது அங்கத்தில் காட்டுப் பூக்களைச் சூடிக்கொண்டு வருகிறார். பேச்சு எலியிலிருந்து அம்புக்கும் படைக்கும் தாவுகிறது. வார்டில் ராத்திரி டூட்டி பார்த்த யாரும் இந்தக் காட்சிகளை வாசித்தால் ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

18/
ஆனா அந்த நிலையிலும் உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறார். கூரையில்லாமல், சாப்பாடில்லாமல் இப்படிப்பட்ட மழையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி, நான் ஆண்ட காலத்தில் அக்கறைப்படவில்லையே என்று உணர்வது இதே புயலில்தான். கோமாளி குளிரில் நடுங்குவதைப் பார்த்து அவனை முதலில் உள்ளே போகச் சொல்கிறார். அதனால, குழம்பிப் போனவர் முன்னாடி நின்னுக்கிட்டு 'இவருக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொத்தைப் பத்தியும் செலவைப் பத்தியும் பேசாதீங்க. எந்த நேரம் எது உள்ள போகும்னு யாருக்கும் தெரியாது.

19/
இப்ப என் ஃபேவரிட் பாத்திரம் வருகிறார். ஒரு டாக்டர். பேர்கூட இல்லை. அப்பாவைத் தேடி பிரான்ஸிலிருந்து படையோடு வந்த கார்டீலியா அவரிடம் கேட்கிறாள்: இவர் மனசைத் திரும்பக் கொண்டுவர என்ன செய்யலாம், என்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. டாக்டர் சொல்லும் வைத்தியம் தூக்கம். அவருக்குக் கிடைக்காதது அதுதான், அதை வரவழைக்க மூலிகைகள் உண்டு என்கிறார். கட்டிப் போடச் சொல்லலை. இருட்டறையில் அடைக்கச் சொல்லலை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மனம் கலங்கியவர்களுக்கு அதெல்லாம் வழக்கத்தில் இருந்தது.

20/
தூங்கும்போதே சுத்தமான உடை மாற்றுகிறார்கள். எழுப்பும்போது நீங்க பக்கத்துல இருங்கம்மா என்கிறார் டாக்டர். இசை ஒலிக்கிறது. தெரிந்த முகம், நல்ல தூக்கம், சுத்தமான துணி, இதமான சத்தம். இன்றைக்கு முதியோர் வார்டில் டெலிரியத்துக்கு முதல் சிகிச்சைன்னு நாங்க சொல்லிக் கொடுக்கிறதும் கிட்டத்தட்ட இதேதான். காரணத்தைத் தேடிச் சரிசெய்வது ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம்.

21/
லியர் கண் விழிக்கிறார். கல்லறையிலிருந்து தன்னை எழுப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறார். எதிரில் இருப்பவள் ஏதோ ஆவி என்கிறார். ஊசியால் குத்திப் பார்த்துக்கொள்கிறார், வலிக்கிறது. இது என்ன இடம்னு தெரியலை, இந்த உடை ஞாபகம் இல்லை, நேத்து ராத்திரி எங்கே படுத்தேன்னு தெரியலை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தனக்கு எண்பதுக்கு மேல் வயது, புத்தி முழுசா சரியா இல்லையோன்னு பயமா இருக்கு என்கிறார். இடம், நேரம், ஆள்: நாங்கள் சோதிக்கும் மூன்றையும் அவரே சோதித்துக்கொள்கிறார். கடைசியில், சிரிக்காதீங்க, இந்தப் பெண் என் மகள் கார்டீலியான்னு தோணுது என்கிறார். எத்தனை முறை படிச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

22/
விஷம் கொடுத்தாலும் குடிக்கிறேன், உன் அக்காக்களுக்கு இல்லாத காரணம் உனக்கு இருக்கு என்கிறார். அப்படி ஒண்ணுமே இல்லை என்று முடித்துவிடுகிறாள் கார்டீலியா. கணக்குத் தீர்க்கலை. 'அன்னைக்கு என்னைத் துரத்தினீங்களே' என்று தொடங்கலை. டாக்டரும் சொல்கிறார்: கொந்தளிப்பு அடங்கிடுச்சு, ஆனா இழந்த நாட்களை இப்ப அவரைத் திரும்பி நினைக்க வைக்கிறது ஆபத்து, உள்ளே கூட்டிட்டுப் போங்க, தொந்தரவு பண்ணாதீங்க. குழப்பம் தெளிந்து வருபவரிடம் 'நேத்து நீங்க என்ன பண்ணீங்க தெரியுமா?' என்று சிரித்துக்கொண்டே கேட்கும் வழக்கத்தை விட்டுடலாம். அவருக்கு அது அவமானம்.

23/
ஒரு கூடுதல் தகவல். 1608இல் வெளியான பதிப்பில் இவர் டாக்டர். 1623இல் வந்த தொகுப்பில் டாக்டரே இல்லை. அவர் வசனங்கள் ஒரு கனவானுக்குப் போய்விட்டன. நான் மேலே சொன்ன எச்சரிக்கையும் இசையும் அந்தப் பதிப்பில் கிடையாது. எங்க ஆளைத் தூக்கிட்டாங்களேன்னு எனக்கு வருத்தம்தான். ஆனாலும் காட்சி நிற்கிறது. ஏன்னா வைத்தியத்தில் பெரிய பங்கு மகளுடையது.

24/
இதே சமயத்தில் நிஜத்திலும் ஒரு வழக்கு நடந்தது. எலிசபெத் ராணியிடம் சேவகம் பார்த்த பிரையன் ஆன்ஸ்லி, கென்ட் பகுதிக்காரர். மூன்று மகள்கள். 1603இல் மூத்த மகள் தரப்பு, அப்பாவுக்குப் புத்தி சரியில்லைன்னு அறிவிக்கச் சொல்லி முயற்சி செய்தது. கடைசி மகள் அமைச்சர் ராபர்ட் செசிலுக்குக் கடிதம் எழுதினாள்: இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனைக் கடைசிக் காலத்தில் பைத்தியம்னு பதிவு பண்ணாதீங்க என்பது அதன் சாரம். அவள் பேர் கார்டெல். கார்டீலியா என்ற பேர் பழைய கதைகளிலேயே உண்டு, அதனால் ஷேக்ஸ்பியர் இதைப் பார்த்துத்தான் எழுதினார்னு சொல்ல முடியாது. ஆனால் 'வயசான கோளாறு' என்பது ஒரு சட்ட ஆயுதமாகவும் இருந்தது என்று இது காட்டுகிறது. 1604இல் அந்த அப்பா இறந்தார். உயில் எதிர்க்கப்பட்டது, ஆனாலும் செல்லும் என்று தீர்ப்பானது.

25/
நாடகத்தில் கார்டீலியா தப்பிக்கவில்லை. படை தோற்று, சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அவள் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார் லியர். அவள் உதடு அசைகிறது என்று நம்பியபடியே உயிர் விடுகிறார். இந்த முடிவை ஜனங்களால் தாங்க முடியலை. 1681இல் நேஹம் டேட் என்பவர் கதையை மாற்றி, லியரும் கார்டீலியாவும் பிழைப்பதாக எழுதினார். சுமார் 150 வருஷம் இங்கிலாந்து மேடையில் ஓடியது அதுதான். சாமுவேல் ஜான்சன் மாதிரி பெரிய விமர்சகரே, கார்டீலியாவின் சாவு தந்த அதிர்ச்சியில், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டிய கட்டாயம் வரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கவில்லை என்கிறார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனம் கலங்கியிருந்த கடைசி வருஷங்களில், 1820இல் அவர் இறக்கும்வரை, லண்டன் மேடையில் லியர் நாடகமே போடவில்லை.

26/
எனக்கு அந்த முடிவு பிடிச்சிருக்குன்னு சொல்ல முடியாது. ஆனா நியாயம்னு படுது. லியர் சாகும்போது அவருக்கு மகளைத் தெரிகிறது. துக்கம் தெரிகிறது. யாரிடமோ ஒரு பொத்தானைக் கழற்றிவிடச் சொல்லி, செய்ததற்கு நன்றியும் சொல்கிறார். 100 வீரர்கள் கேட்டு நின்ற மனிதர். அவரைக் கொன்றது வயசு இல்லை. வயசுன்னு சொல்லி எல்லாரும் கையைக் கழுவினதில் ஆரம்பித்த ஒரு சங்கிலி. அதில் அவருடைய சொந்தத் தப்பும் ஒரு கண்ணி.

27/
நடைமுறைக்கு வருவோம். வீட்டுப் பெரியவர் ஒரு நாளில், ரெண்டு நாளில் திடீர்னு குழம்பிப் பேசினால், ஆள் தெரியாமல் போனால், அல்லது வழக்கத்துக்கு மாறா சும்மா தூங்கிக்கொண்டே இருந்தால், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சளி, சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்து குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், நீர் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, விழுந்து தலையில் பட்ட அடி, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை. எதுவா வேணும்னாலும் இருக்கலாம். சாப்பிடுகிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. கடையில தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க.

28/
மாதக்கணக்கில் மெல்ல மாறினாலும் காட்டுங்க. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை இதெல்லாம் மறதி மாதிரியே வேஷம் போடும். டிமென்ஷியாவாகவே இருந்தாலும், தெரிஞ்சா வீடு தயாராகும். உங்களுக்கு முடியலைன்னா, முடியலைன்னு வாய்விட்டுச் சொல்லி உதவி கேளுங்க. அதில் வெட்கம் ஒண்ணும் இல்லை. உள்ளுக்குள்ளேயே வச்சுப் புழுங்கினா, ஒரு நாள் நாமளும் கோனரில் மாதிரி கணக்குப் போட ஆரம்பிச்சிடுவோம்.

29/
டாக்டர் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொன்னால், விடாதீங்க. "நேத்து வரைக்கும் நல்லா இருந்தார் டாக்டர்"னு இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி அந்த மருமகள் என்கிட்ட ரெண்டாவது தடவை சொல்லியிருந்தால், ஒருவேளை நான் திரும்பிப் போய் அந்தப் போர்வையை விலக்கிப் பார்த்திருப்பேன்.

வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசுங்க.